தெருமுனையில் கலை, என் வாசலில் குப்பை

உப்பல்,
ஹைதராபாத்.

அரக்கோணத்தில் இருக்கும் என் அன்புக்குரிய அண்ணனுக்கு, தங்கை எலிசபெத் எழுதிக்கொள்வது. மாதாவின் தயவில் நீங்களும் அண்ணியும் பிள்ளைகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே எனக்கு ரத்த அழுத்தம் நீங்கலாக மற்றதெல்லாம் சுகம். உங்கள் மச்சானும் சுகமாகத்தான் இருக்கிறார், அதுவே எனக்குப் பெரிய எரிச்சலாக இருக்கிறது. காரணத்தைக் கீழே படித்துத் தெரிந்துகொள்ளவும்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து நீங்கள் ஃபோன் பண்ணினீர்கள். பேத்தி ஷர்மிளா அவள் செல்ஃபோனில் எங்கள் தெருவைக் காட்டினாளாம். தெருமுனை சினிமா செட்டிங் மாதிரி இருக்கிறதாம். அதில் நானும் கைகூப்பிப் பல் தெரியச் சிரித்துக்கொண்டு நிற்கிறேனாம். பங்குச் சாமியாரிடம்கூட அதைக் காட்டிவிட்டீர்களாம். "எங்க எலிசு இருக்கற தெருன்னு சொல்லிக்க எவ்ளோ பெருமையா இருக்கு தெரியுமா" என்று நீங்கள் சொன்னபோது நான் வாயைத் திறக்கவில்லை. திறந்திருந்தால் ஞாயிற்றுக்கிழமையும் அதுவுமாகச் சொல்லக் கூடாத வார்த்தை வந்திருக்கும். ஃபோனில் விளக்கம் சொன்னால் நீங்கள் "சரிம்மா, சரிம்மா" என்று பாதியில் வைத்துவிடுவீர்கள். அதனால்தான் எழுதுகிறேன். அண்ணா, அந்த வீடியோவில் நான் கைகூப்பியது வணக்கம் சொல்வதற்காக அல்ல. "உங்களைக் கையெடுத்துக் கும்பிடறேன், மொதல்ல இந்த எடத்த விட்டுப் போங்க" என்று என் படியில் ஏறிப் படம் பிடித்தவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். பல் தெரிந்தது கடித்ததால். என் பேச்சை எடுத்துவிட்டு அந்த இடத்தில் புல்லாங்குழலைப் போட்டுவிட்டார்கள்.

எங்கள் தெரு மெயின் ரோட்டில் போய் முட்டுகிற இடத்தில், டிரான்ஸ்ஃபார்மருக்குப் பக்கத்தில், நாங்கள் இங்கே வீடு வாங்கி வந்த நாளிலிருந்து ஒரு குப்பைமேடு இருந்தது உங்களுக்குத் தெரியும். அண்ணி ஒருமுறை வந்தபோது மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடினாரே, அதுதான். அதை எடுக்கச் சொல்லி நான் ஏறாத ஆபீஸ் இல்லை, பேசாத பேச்சு இல்லை. இந்த வருஷம் மழை விட்ட சமயத்தில் மாதாப்பூர் பக்கத்திலிருந்து ஒரு கூட்டம் வந்தது. தலைவர் பெயர் ரஞ்சன். கம்ப்யூட்டர் கம்பெனி வேலையை விட்டுவிட்டுக் கலைக்கு வந்தவராம், தாடியைப் பார்த்தாலே தெரிகிறது. அவரோடு ரக்ஷிதா என்று ஒரு பெண், இன்னும் சில பேர். பக்கத்து வீட்டு விஸ்வநாத் எங்கள் காலனி சங்கத்துத் தலைவர் இல்லையா, அவர் வீட்டு போர்ட்டிகோவில் மீட்டிங் போட்டார்கள். ரஞ்சன் தெலுங்கும் இங்கிலீஷுமாகப் பேசினார். கலையை இத்தனை காலமும் நாலு சுவருக்குள், ஏசி ஹாலுக்குள் பூட்டி வைத்துவிட்டார்களாம், அங்கே பணக்காரர்கள் மட்டும் கையில் கிளாசோடு நின்று பார்க்கிறார்களாம், அதை உடைத்து வெளியே எடுத்து எங்கள் தெருவுக்குக் கொண்டுவரப் போகிறார்களாம். எல்லாரும் கை தட்டினார்கள். நான் எழுந்து, "கலைய இங்க கொண்டு வரீங்க, சரி. குப்பைய எங்க கொண்டு போவீங்க?" என்று கேட்டேன். "குட் கொஸ்டின் ஆன்ட்டி" என்றார் ரஞ்சன். அவ்வளவுதான் பதில். அடுத்த ஆளுக்கு மைக் போய்விட்டது.

பொக்லைன் வந்து குப்பையை அள்ளிக்கொண்டு போனது. அதுவரை எனக்கும் சந்தோஷம்தான், இல்லையென்று சொல்லவில்லை. அதற்குப் பிறகு வீட்டுக்கு ஒரு பழைய நாற்காலி கேட்டார்கள். தெருக்காரர்களின் நாற்காலிகளையெல்லாம் வட்டமாகப் போட்டு, சிமெண்டில் பதித்து, நடுவில் கதவில்லாத ஒரு நிலையை நிற்க வைத்து, அதற்குச் "சுவர் இல்லாத ஹால்" என்று பெயர் வைக்கப் போகிறார்களாம். யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாமாம். நான் அந்த நேரம் மார்க்கெட்டுக்குப் போயிருந்தேன். எங்கள் மாடி அறையில் கால் ஆடுகிற நாற்காலி ஒன்று இருக்கிறது, பிரம்பு பிய்ந்தது இன்னொன்று இருக்கிறது. உங்கள் மச்சான் இரண்டையும் விட்டுவிட்டு, முழங்கால் வலிக்காக நான் உட்கார்ந்து காய் நறுக்குகிற தேக்கு நாற்காலியைத் தூக்கிக் கொடுத்திருக்கிறார். நான் பையோடு வந்து சேர்வதற்குள் நாலு காலும் சிமெண்டுக்குள் போய்விட்டது.

"யார கேட்டுக் கொடுத்தீங்க?" என்றேன்.

"பொதுக் காரியத்துக்குக் கொடுக்கறப்ப நல்லதா கொடுக்கணும் எலிசு" என்கிறார். கல்யாணமான நாள் முதல் எனக்கு உருப்படியாக ஒரு குடை வாங்கித் தராத மனுஷன் சொல்கிற பேச்சா இது?

முனைக்கு ஓடினேன். ரக்ஷிதா கையெல்லாம் பெயிண்ட்டோடு எழுந்து வந்து, "ஆன்ட்டி, உங்க சேர்தான் சென்டர் பீஸ்" என்றாள். "சென்டர் பீசா இருக்கட்டும்மா, எனக்கு உக்காரணும்" என்றேன். "இங்க வந்து உக்காருங்க ஆன்ட்டி, எப்ப வேணாலும்" என்றாள். என் நாற்காலியில் நான் உட்காருவதற்கு எனக்கே அனுமதி. மறுநாள் அதற்குக் கிளிப்பச்சை அடித்துவிட்டார்கள்.

இதோடு விட்டிருந்தால் நாற்காலி போனது போகட்டும் என்று நானும் விட்டிருப்பேன். முனையில் யாரும் குப்பை போடவில்லை அண்ணா, அது நிஜம். முந்தைய போட்டோவையும் பிந்தைய போட்டோவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ரஞ்சன் ஊரெல்லாம் அனுப்பினார். பேப்பர்காரர்கள் வந்தார்கள். ஆனால் தெருக்காரர்கள் வீட்டில் குப்பை உண்டாவது நிற்கவில்லையே. காலையில் ஆபீசுக்குப் போகும்போது கையில் பையோடு வருகிறார்கள், முனை வரைக்கும் போகிறார்கள், அங்கே அழகாக ஒரு ஹால் இருப்பதைப் பார்த்ததும் வெட்கம் வந்துவிடுகிறது, திரும்பவும் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போக யாருக்கும் நேரம் கிடையாது. நாலு எட்டு பின்னால் வந்தால் கரண்ட் கம்பம், கம்பத்தை ஒட்டி என் கேட். அங்கே வெட்கத்தை இறக்கி வைத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். முதல் நாள் ஒரு பை கிடந்தது, யாரோ தவறவிட்டார்கள் என்று நினைத்தேன். அந்த வாரம் முடிவதற்குள் கேட்டைத் திறக்க முடியவில்லை. முனையில் குடியிருந்த நாய்களும் குப்பையோடு ஜாகை மாறி வந்துவிட்டன. குப்பை ஆட்டோக்காரனைப் பிடித்து நிறுத்திக் கேட்டால், "நா பாயிண்ட் அக்கட அம்மா" என்று முனையைக் காட்டுகிறான். அவனுக்குக் கொடுத்த இடம் அதுதானாம், அங்கே குப்பை இல்லை என்றால் அவன் வேலை முடிந்ததாம்.

கலையைப் பார்க்க வருகிறவர்கள் வேறு. என் வாசற்படியில் ஏறி நின்றால்தான் ஹால் முழுவதும் போட்டோவில் விழுகிறதாம், குப்பையும் விழாதாம். ஏறி நின்றவர்கள் பெல்லையும் அடிப்பார்கள். ஒருத்தி கைக்குழந்தைக்குப் பால் கலக்க வெந்நீர் கேட்டாள், கொடுத்தேன். ஒரு பெரியவர் பாத்ரூம் கேட்டார், கொடுத்தேன். ஒரு பையன் கேமராவைச் சார்ஜ் போட வேண்டும் என்றான். உங்கள் மச்சான் கொடுத்தார்.

ரஞ்சனிடம் போய், "தம்பி, என் வாசல்லயும் ஏதாவது கலைய கொண்டாந்து வைங்க, அப்பயாவது போடாம இருப்பாங்க" என்று கேட்டேன். இந்தப் படைப்பு அந்த இடத்துக்காகவே பிறந்தது, என் வாசலுக்காக எதுவும் பிறக்கவில்லை என்கிற மாதிரி ஏதோ சொன்னார். ப்ராஜெக்டும் முடிந்துவிட்டதாம்.

அந்த ரக்ஷிதா மட்டும் தினமும் வருவாள், உரிந்த இடத்தில் பெயிண்ட் தொட, செடிக்குத் தண்ணீர் விட. வந்தால் என் படியில் உட்காருவாள். நான் தமிழில் திட்டுவேன். சிகந்திராபாத்தில் நாலு தலைமுறையாக இருக்கிற தமிழ்க் குடும்பத்துப் பெண், அதனால் எல்லாம் புரியும், பதில் மட்டும் தெலுங்கில் வரும், இல்லாவிட்டால் இங்கிலீஷில். ஒருநாள் ரொம்பவும் முயற்சி பண்ணி, "ஆன்ட்டி, உங்க கோபம் ரொம்ப... வேலிட் இருக்கு" என்றாள்.

"வேலிட் இருக்கற கோபத்த எங்கடி கொட்டறது? அதுக்கும் என் வாசல்தானா?" என்றேன். மத்தியான வேளையில் பிஸ்கட்டைக் கடித்துக்கொண்டு வேலை பார்க்கிறாள், பெற்றவர்கள் பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்று சோறு போட்டேன். அவ்வளவுதான். நான் சமாதானம் ஆகிவிட்டேன் என்று நீங்கள் நினைக்க வேண்டாம்.

பொறுத்துப் பொறுத்துப் பார்த்து, ஒருநாள் விடிகிற நேரத்தில் வாசல் குப்பையை ஒரு கோணிப்பையில் அள்ளினேன். உங்கள் மச்சானைத் தூக்கிக் கொடுக்கச் சொன்னேன். "கலை மேல குப்பை கொட்டறது தப்பு எலிசு" என்று போர்வையை இழுத்துக்கொண்டார். நானே இழுத்துக்கொண்டு போய், வேறு யார் நாற்காலியையும் தொடாமல், என் நாற்காலி மேல் கவிழ்த்துவிட்டு வந்தேன். என் நாற்காலி, என் இஷ்டம். ஆனால் விஸ்வநாத் அவர் வீட்டு கேமராவைக் கலைக்குக் காவலாக முனைப்பக்கம் திருப்பி வைத்திருந்தது எனக்குத் தெரியாது. காலைக் காபி குடிப்பதற்குள் காலனி குரூப்பில் படம் வந்துவிட்டது. முதுகுதான் தெரிகிறது, பெயர் போடவில்லை. என் பூப்போட்ட நைட்டியைத் தெரியாதவர்கள் இந்தத் தெருவில் யார் இருக்கிறார்கள்? ஒருவர் ஷேம் என்று எழுதினார், இன்னொருவர் படித்தவர்களே இப்படிச் செய்யலாமா என்று எழுதினார், வேறொருவர் போலீசைக் கூப்பிடலாமா என்று கேட்டார்.

விஸ்வநாத் நேரிலேயே வந்துவிட்டார். அவரும் தமிழர்தான், பிரிட்டிஷ்காரன் காலத்திலேயே இங்கே வந்த குடும்பம், பேசுகிற தமிழைக் கேட்டால் நமக்குத் தலை சுற்றும். "கைக்கும்மா இப்படி பண்ணீங்க? நம்ம காலனி பேரு பேப்பர்ல வந்துருக்கு. இவ்ளோ டென்ஷன் நக்கோம்மா" என்றார். கைக்கு என்றால் ஏன், நக்கோ என்றால் வேண்டாம், எல்லாம் இந்த ஊர் உருது.

"உங்க வாசல்ல கெடந்தா டென்ஷன் ஆக மாட்டீங்களா?"

"ஹவ், ஆவேன். ஆனா என் வாசல்ல போட மாட்டாங்களே. கேமரா இருக்குல்ல" என்றார். சிரிக்காமல் சொன்னார் அண்ணா.

அன்றைக்கு முழுவதும் தெருவில் யாரும் என்னோடு பேசவில்லை. கீரைக்காரம்மா வாசலில் நிற்கும்போது எதிர்வீட்டுப் பெண் என்னைப் பார்த்ததும் கீரையை வாங்காமலே உள்ளே போய்விட்டாள். கோயில் கூட்டுப் பாட்டுக்கு வருகிற ஒருத்தி, "என்னக்கா, உங்களுக்குக் கலை பிடிக்காதாமே" என்று கேட்கிறாள். எத்தனை வருஷம் இந்தத் தெருக் குப்பைக்காக நான் அலைந்திருக்கிறேன். கடைசியில் குப்பை போட்டவள் என்று பெயர் எனக்கு. அன்று சாப்பாடு இறங்கவில்லை. அதை உங்களிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்?

சாயங்காலம் ரக்ஷிதா வந்தாள். நேராகப் போய் நாற்காலியைக் கழுவினாள். பிறகு என் படியில் உட்கார்ந்து குரூப்பில் எதையோ எழுதினாள். உங்கள் மச்சான் வந்து படித்துக் காட்டினார். 'அந்தக் குப்பை எலிசபெத் ஆன்ட்டியுடையது அல்ல. நம் எல்லாருடையது. அதை அவர் வாசலுக்கு நகர்த்தி வைத்தது எங்கள் வேலை' என்று எழுதியிருந்தாள். அதற்கு யாரும் பதில் போடவில்லை. ஒரே ஒரு கட்டைவிரல் மட்டும் வந்தது. அது உங்கள் மச்சானுடையது.

அதற்கப்புறம் திறப்பு விழா. எங்கள் வார்டு கார்ப்பரேட்டர் வருகிறார் என்றதும் சங்கத்துக்கு என் வாசல் ஞாபகம் வந்தது. குப்பையை எடுப்பார்கள் என்று பார்த்தால், ஒரு பெரிய ஃப்ளெக்ஸ் அடித்துக்கொண்டு வந்து, கம்பத்திலிருந்து விஸ்வநாத் வீட்டு மதில் வரைக்கும் இழுத்துக் கட்டிவிட்டார்கள். 'கலை எல்லோருக்கும்' என்று தெலுங்கிலும் இங்கிலீஷிலும் ஆளுயர எழுத்து. குப்பை மறைந்துவிட்டது. என் கேட்டும் மறைந்துவிட்டது. உள்ளே நாங்கள் இருப்பதை எல்லாரும் மறந்துவிட்டார்கள். நான் ஃப்ளெக்ஸுக்குப் பின்னால் நாய்களோடு நின்றுகொண்டு கேட்கிறேன், வெளியே கார்ப்பரேட்டர் மைக்கில், நகரத்திலேயே சுத்தமான தெரு இதுதான் என்கிறார். உங்கள் மச்சான் உள்ளேயிருந்து, "நல்லா பேசறார்ல" என்கிறார். எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்ததோ தெரியாது. சமையலறைக்குப் போய்க் கத்தியை எடுத்துக்கொண்டு வந்து, ஃப்ளெக்ஸை மேலிருந்து கீழே கிழித்து, நடுவில் புகுந்து வெளியே வந்தேன்.

மைக் நின்றது. கிழித்த இடத்தின் வழியாக வாடையும் என் பின்னாலேயே வந்தது. முன்வரிசையில் இருந்தவர்கள் கர்ச்சீப்பை எடுத்தார்கள். நான் பாதி தெலுங்கிலும் பாதி இந்தியிலுமாக, "சார், கலைய பாத்தீங்க இல்ல, இதையும் பாத்துட்டுப் போங்க. அந்த ஹால்ல இருந்து கிளம்பினது எல்லாம் இங்கதான் இருக்கு" என்றேன். கத்தி கையில் இருந்ததால் யாரும் குறுக்கே வரவில்லை.

அவர் காரியக்காரர். மேடையிலிருந்து இறங்கி வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "எவரிதி இதி?" என்று கேட்டார். யாருடையது இது என்று. தெருவே தரையைப் பார்த்தது. விஸ்வநாத் ரஞ்சனைப் பார்த்தார். ரஞ்சன், இது சமூகத்தின் பொறுப்பு என்று ஆரம்பித்தார். அதற்குள் ரக்ஷிதா குனிந்து ஒரு பையைத் தூக்கினாள், அடிப்பக்கம் பிய்ந்து உள்ளே இருந்ததெல்லாம் ரோட்டில் கொட்டியது. கேக் அட்டை, பேப்பர் தட்டுகள், அதோடு ஜரிகை எழுத்தில் ஒரு நீளத் தோரணம். 'ஹேப்பி பர்த்டே சாய்குமார்.' சாய்குமார் விஸ்வநாத்தின் பேரன். தெருவில் சாய்குமார் என்று இருப்பது அவன் ஒருவன்தான். எனக்கு ஒரு நிமிஷம் மோட்சத்தில் சம்மனசுகள் பாடுவது கேட்டது அண்ணா. பொறுமையாக இருந்திருக்கலாம், ஆனால் நான் விடவில்லை. "இன்னொரு பைய பிரிம்மா, எல்லார் லட்சணமும் தெரியட்டும்" என்றேன். பிரித்தாள். மாத்திரை அட்டைகள், முந்தின நாள் சமைத்த வஞ்சிரத்தின் தலை, உங்கள் மச்சானின் ஓட்டைப் பனியன், அதோடு எங்கள் கோயில் பத்திரிகை, மேலே எங்கள் வீட்டு விலாசத்தோடு.

நான் திரும்பிப் பார்த்தேன். கிழிந்த ஃப்ளெக்ஸுக்கு நடுவில் உங்கள் மச்சான் தலை மட்டும் தெரிந்தது.

"ஆட்டோ வரல எலிசு. எல்லாரும் இங்கதான போடறாங்க. நம்ம வாசல்தானேன்னு..." என்றார்.

கூட்டம் சிரித்த சிரிப்பைச் சொல்லி மாளாது. கார்ப்பரேட்டரே மேடைக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்துக்கொண்டே யாருக்கோ ஃபோன் போட்டார். விழா முடிவதற்குள் லாரி வந்து அத்தனையையும் அள்ளிக்கொண்டு போனது. மறுநாளிலிருந்து ஆட்டோ தெருவுக்குள் நுழைந்து ஒவ்வொரு கேட்டிலும் நின்று ஹாரன் அடிக்கிறது. வாசல் சுத்தமாகத்தான் இருக்கிறது. அதற்காக நான் யாருக்கும் நன்றி சொல்லப்போவதில்லை. விஸ்வநாத் என்னைக் கண்டால் செல்ஃபோனைக் காதில் வைத்துக்கொள்கிறார். உங்கள் மச்சானோடு நான் பேசுவதில்லை, சாப்பாட்டுத் தட்டை வைக்கிற சத்தத்திலேயே எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன். ரஞ்சன் என்ன செய்தார் தெரியுமா? வந்து, அந்தக் கிழிந்த ஃப்ளெக்ஸை எங்களுக்குக் கொடுங்கள், பஞ்சாரா ஹில்ஸில் ஒரு கேலரியில் ஃபிரேம் போட்டு மாட்டப்போகிறோம் என்கிறார். ஏசி ஹாலை உடைத்துக்கொண்டு தெருவுக்கு வந்தவர், தெருவிலிருந்து அகப்பட்டதைச் சுருட்டிக்கொண்டு திரும்பவும் ஏசி ஹாலுக்கே போகிறார். கொடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். மொட்டை மாடியில் விரித்து மிளகாய் காயப்போட்டிருக்கிறேன். நல்ல கனமான ஃப்ளெக்ஸ்.

ஆகவே அண்ணா, அந்த வீடியோவை இனி ஒருவருக்கும் காட்டாதீர்கள். பங்குச் சாமியாரிடம் உண்மையைச் சொல்லிவிடுங்கள். கலை, சமூகம், ஹால் என்று சொல்லிக்கொண்டு உங்கள் பக்கம் யாராவது தாடியோடு வந்தால், வீட்டில் இருக்கிற நாற்காலிகளையெல்லாம் உள்ளே தள்ளிக் கதவைத் தாழ் போட்டுவிடுங்கள். இந்தக் கூட்டத்தின் சகவாசமே எனக்கு இனி வேண்டாம், செத்தாலும் அவர்கள் வேனுக்குப் பக்கத்தில்கூடப் போக மாட்டேன்.

அண்ணிக்கு என் அன்பு. ஷர்மிளாவுக்குப் பரீட்சை நல்லபடியாக முடிய இங்கே மெழுகுவர்த்தி ஏற்றியிருக்கிறேன். உங்கள் இருமலுக்கு வெந்நீர் குடியுங்கள். ஆண்டவர் உங்கள் எல்லாரையும், முக்கியமாக உங்கள் வாசலையும், காப்பாற்றட்டும்.

இப்படிக்கு,
ஆத்திரம் அடங்காத உங்கள் தங்கை,
எலிசபெத் சூசைராஜ்

பி.கு.: வருகிற சனிக்கிழமை ஃபோன் பண்ண வேண்டாம், வீட்டில் இருக்க மாட்டேன். அந்தக் கூட்டம் அடுத்ததாகத் தார்நாகாவில் ஒரு தெருவுக்குப் போகிறது. எல்லாரும் பெரிய பெரிய விஞ்ஞானிகள் குடியிருக்கிற இடமாம், விவரம் தெரியாதவர்கள், ரஞ்சன் பேச்சை அப்படியே நம்பிவிடுவார்கள். ரக்ஷிதா வந்து, "நீங்க வரலேன்னா நான் போறது இல்ல ஆன்ட்டி" என்று முழுசாகத் தமிழிலேயே சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டாள், எழுந்திருக்கவே இல்லை. காலையில் வேன் வந்து என்னை ஏற்றிக்கொள்ளும். எல்லாரும் போடுகிற மஞ்சள் டீ-ஷர்ட் எனக்கும் ஒன்று கொடுத்தார்கள், புடவைக்கு மேலே போட்டுப் பார்த்தேன், கை கொஞ்சம் பிடிக்கிறது, பெரிய சைஸ் சொல்லியிருக்கிறேன். அன்று வீடியோ எடுப்பார்களாம். சாமியாரிடம் காட்டுவதாக இருந்தால் அதைக் காட்டுங்கள்.